கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்று காட்டும் போராட்டப் படங்கள்

போராட்டங்களைப் பற்றிய ஆவணப்படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிற ஆள் நான். பார்த்ததில் பாதிக்கு மேல் ஏமாற்றம்தான், எல்லாவற்றிலும் அதற்குக் காரணம் ஒன்றுதான். கொடி, கோஷம், ட்ரோனில் எடுத்த பெரும் கூட்டம், தடியடி, அழும் ஒரு தாய், அப்புறம் மெல்ல எழும் ஒரு பாட்டு என்று படம் போய்க்கொண்டே இருக்கும். பார்க்கும்போது மனசு கொதிக்கும், உண்மைதான். ஆனால் முடிந்த பிறகு யோசித்தால், அந்தக் கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்பது பற்றி ஒரு வரிகூடத் தெரிந்திருக்காது. முதலில் வந்த நாலு பேர் யார், வேலை போய்விடுமோ என்று பயந்தவரின் வீட்டுக்குப் போய்ப் பேசியது யார், சம்பளம் இல்லாத மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது, உள்ளுக்குள்ளே வந்த சண்டையை எப்படித் தீர்த்தார்கள், தோற்றுப்போன பிறகு யார் மிச்சம் நின்றார்கள். ஒரு போராட்டப் படத்தில் நான் தேடுவது இதைத்தான். இதைக் காட்டுகிற படங்கள் கொஞ்சம்தான், அவற்றை எப்படியாவது உங்களைப் பார்க்க வைத்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் 'ஹார்லன் கவுண்டி, யு.எஸ்.ஏ.'. பார்பரா காப்பிள் இயக்கி 1976இல் வந்த படம், சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ப்ரூக்சைடு என்றொரு நிலக்கரிச் சுரங்கம். 1973இல் அங்கே உள்ள தொழிலாளர்கள் ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் சேர்வதென்று வாக்களிக்கிறார்கள். சுரங்கம் ட்யூக் பவர் என்ற மின் நிறுவனத்தின் கையில் இருக்கிறது, அது சங்கத்தோடு ஒப்பந்தம் போட மறுக்கிறது, வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்கிறது. காப்பிள் முதலில் கேமராவைத் தூக்கியது இதற்காக இல்லை, சங்கத்துக்குள்ளேயே நடந்த சீர்திருத்தப் போராட்டத்தைப் படமெடுக்கத்தான். சங்கத் தலைவர் டோனி பாய்லை எதிர்த்துத் தேர்தலில் நின்ற ஜோசப் யப்லான்ஸ்கி, 1969 டிசம்பர் 31 அன்று மனைவியோடும் மகளோடும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்கு ஏற்பாடு செய்ததாகப் பாய்ல் பிறகு தண்டிக்கப்பட்டார். இந்த அழுக்கைப் படம் மறைக்கவே இல்லை. சங்கம் வேண்டும் என்று உயிரைக் கொடுத்துப் போராடும் மக்களைக் காட்டிக்கொண்டே, அந்தச் சங்கத்தின் தலைமை எவ்வளவு கெட்டுப்போயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறது. படத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

அடுத்தது பெண்கள். மறியலில் ஒரு வாயிலுக்கு இத்தனை பேர்தான் நிற்கலாம் என்று நீதிமன்றம் கட்டுப்படுத்திவிடுகிறது. விடிகாலையில் கருங்காலிகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரும், விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களால் அதைத் தடுக்க முடியாது. அப்போது தொழிலாளர்களின் மனைவிகள், அம்மாக்கள், சகோதரிகள் கையில் குச்சிகளோடு சாலையில் வந்து படுக்கிறார்கள், மறிக்கிறார்கள், கைதாகிறார்கள். இதுவரை சொன்னதை யார் வேண்டுமானாலும் படமெடுத்திருப்பார்கள். ஆனால் காப்பிளின் கேமரா அந்தப் பெண்களின் கூட்டத்துக்குள்ளும் போய் உட்கார்கிறது. அங்கே பெரிய சண்டை. ஒருத்தி குடிக்கிறாள், இன்னொருத்தி அடுத்தவள் புருஷனைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்றெல்லாம் பேச்சு வந்து, கூட்டம் கலைந்துவிடும் போலிருக்கிறது. ஒரு பெண் எழுந்து, யாருக்கு யார் புருஷன் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும், நான் இங்கே வந்தது ஒப்பந்தத்துக்காக என்கிற அர்த்தத்தில் பேசுகிறாள். அதன் பிறகு பேச்சு மறுபடியும் மறுநாள் காலை யார் யார் எங்கே நிற்பது என்பதற்குத் திரும்புகிறது. இந்தச் சில நிமிடங்கள் எனக்கு நூறு ஊர்வலக் காட்சிகளைவிடப் பெரியவை. இயக்கம் கட்டுவது என்பது நடைமுறையில் இதுதான். வெட்டி எறிந்திருந்தால் படம் இன்னும் கம்பீரமாக இருந்திருக்கும், வெட்டாமல் வைத்ததற்காகக் காப்பிளை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆபத்தும் கொஞ்சநஞ்சம் இல்லை. இருட்டில் மறியல் இடத்தில் துப்பாக்கிச் சூடு நடக்கிறது, படக்குழுவையே அடிக்கிறார்கள், கேமரா குலுங்கிக் கீழே போவது அப்படியே படத்தில் இருக்கிறது. கேமரா இருந்தால் அடியாட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள் என்பதால், பிலிம் தீர்ந்துபோன நாட்களிலும் எடுப்பதுபோலவே கேமராவைத் தூக்கிக்கொண்டு மறியலுக்குப் போனோம் என்று காப்பிள் பிற்பாடு சொல்லியிருக்கிறார். படமெடுப்பவர் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் அது ஆவணப்படமாகுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தச் செய்திதான். அவர்கள் பக்கம் நின்றதால்தான் அவ்வளவு நெருக்கமாக எடுக்க முடிந்தது.

கடைசியில் 1974 ஆகஸ்டில் லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற இளம் தொழிலாளி சுடப்பட்டு இறந்துபோகிறார். சின்ன வயது மனைவி, கைக்குழந்தை. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் நிறுவனம் கையெழுத்துப் போடுகிறது. ஒரு சாவு விழுந்த பிறகுதான் பேனாவை எடுத்தார்கள் என்பதை வேறு வார்த்தை சேர்க்காமல் படம் நம் முன்னால் வைக்கிறது. வேறொருவர் என்றால் அந்த இடத்தில் முடித்திருப்பார். காப்பிள் முடிக்கவில்லை. சில மாதங்களில் நாடு முழுவதற்குமான சங்க ஒப்பந்தம் வருகிறது, அதில் விட்டுக்கொடுத்தவை பற்றித் தொழிலாளர்கள் கோபமாகப் பேசுகிறார்கள், மறுபடியும் வாக்களிப்பு, மறுபடியும் வாக்குவாதம். வெற்றி என்று நாம் நினைத்த இடத்திலிருந்து அடுத்த வேலை தொடங்கிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. ஆண்டும் மாதமும் சரியாகச் சொல்லாமல் போவதால் எது முன்னால் எது பின்னால் என்று குழப்பம் வரும், யப்லான்ஸ்கி கதையும் வேலைநிறுத்தக் கதையும் மாறி மாறி வருகிற முதல் அரை மணி நேரம் புதிதாகப் பார்ப்பவருக்குக் கடினம். அந்த மலைப்பகுதி ஆங்கிலமும் சுலபமாகப் பிடிபடாது, வசன வரிகளோடு பாருங்கள். பாட்டுகள் மட்டும் மொழி தெரியாவிட்டாலும் நெஞ்சில் இறங்கும். 1931இல் இதே ஹார்லனில் நடந்த போராட்டத்தின்போது தன் வீட்டில் உட்கார்ந்து 'நீ எந்தப் பக்கம்' என்று கேட்கும் பாட்டை எழுதிய ஃபுளோரன்ஸ் ரீஸ், நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து, வயதான குரலில், கூட்டத்தின் முன்னால் நின்று அதே பாட்டைப் பாடுகிறார். குரல் நடுங்குகிறது, சுருதி அங்கங்கே விலகுகிறது, கூட்டமும் சேர்ந்து பாடுகிறது.

இதைப் பார்த்தவர்கள் கட்டாயம் காப்பிளின் 'அமெரிக்கன் டிரீம்' படத்தையும் பார்க்க வேண்டும் (1990, இதற்கும் ஆஸ்கர் கிடைத்தது). இது தோற்ற போராட்டத்தின் கதை. மினசோட்டா மாநிலம் ஆஸ்டின் ஊரில் ஹார்மல் இறைச்சித் தொழிற்சாலை. லாபத்தில் ஓடிக்கொண்டிருந்த நிறுவனம் மணிக்கு 10.69 டாலர் கூலியை 8.25 ஆக வெட்டுகிறது. பி-9 என்ற உள்ளூர்ச் சங்கம் 1985 ஆகஸ்டில் வேலைநிறுத்தத்தில் இறங்குகிறது. மேலே இருக்கும் தாய்ச் சங்கமோ, இது தப்பான கணக்கு, மொத்தத் தொழிலிலும் கூலி சரிகிற நேரத்தில் ஒரு ஊர் மட்டும் தனியாக மோதினால் அடிபடும் என்கிறது. யார் சொன்னது சரி? படம் தீர்ப்புச் சொல்ல மறுக்கிறது. இரண்டு பக்கமும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள், இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் துரோகி என்கிறார்கள். 1986 ஜனவரியில் ஆலை மறுபடி திறக்கப்படுகிறது, உள்ளே போவதா வேண்டாமா என்று ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் எதிரெதிராக நிற்கிறார்கள். உள்ளே போக முடிவெடுத்தவர்களைக் கருங்காலி என்று ஒற்றை வார்த்தையில் தள்ளிவிட என்னால் முடியவில்லை, வீட்டுக் கடனும் பிள்ளைகளும் அவர்கள் கண்ணில் தெரிகின்றன. அதே சமயம் வெளியே குளிரில் நின்றவர்களின் வேலை திரும்பக் கிடைக்கவில்லை என்பதையும் மறக்க முடியாது. பார்த்து முடிக்க மனபலம் வேண்டும். ஆனால் சங்கத்திலோ குடியிருப்போர் அமைப்பிலோ ஏதாவது ஒரு குழுவிலோ வேலை செய்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள படத்தை நான் பார்த்ததில்லை. தந்திரம் தப்பாகும்போது யாருமே கெட்டவராக இல்லாமலேயே எல்லாம் எப்படி உடைகிறது என்பதைக் கிட்ட இருந்து காட்டுகிறது.

இந்தியப் படங்களுக்கு வருகிறேன். ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' வந்தது 2011இல், ஆனால் எடுக்க ஆரம்பித்தது 1997இல். பதினான்கு வருஷம். மும்பையின் ரமாபாய் நகரில் 1997 ஜூலை 11 அன்று அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்ததைக் கண்டு மக்கள் திரள்கிறார்கள், போலீஸ் சுடுகிறது, பத்துப் பேர் இறக்கிறார்கள். சில நாட்களில் விலாஸ் கோக்ரே என்ற தலித் பாடகர் தூக்கிட்டு உயிரை விடுகிறார். அவர் பட்வர்தனுக்கு ஏற்கெனவே தெரிந்தவர், 1985இல் வந்த 'பாம்பே: அவர் சிட்டி' படத்தில் பாடியவர். இந்தப் படம் அந்தச் சாவிலிருந்துதான் புறப்படுகிறது.

கூட்டம் எப்படிச் சேர்கிறது என்று நான் கேட்ட கேள்விக்கு இந்தப் படத்தின் பதில்: பாட்டால். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் சந்துகளிலும் மேடைகளிலும் வீட்டு வாசல்களிலும் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். அம்பேத்கரைப் பற்றி, கூலி பற்றி, பெண்கள் பற்றி. படிக்கத் தெரியாத பாட்டியும் அரசியல் சட்டத்தைப் பற்றிப் பாடுவது எப்படி என்று நமக்குப் புரிய ஆரம்பிக்கிறது. டேங்கர் லாரிகளைக் கொளுத்த வந்தார்கள், அதனால்தான் சுட்டோம் என்கிற போலீஸ் வாதத்தைப் படம் கத்தி மறுக்கவில்லை. இடத்தைக் காட்டி, தூரத்தைக் காட்டி, அங்கே இருந்தவர்களைப் பேசவிட்டு, நம்மையே யோசிக்க விடுகிறது. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கிறது. 2009இல் சுட உத்தரவிட்ட அதிகாரிக்கு ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வருகிறது, அவர் மேல்முறையீடு செய்து பிணையில் வெளியே வந்துவிடுகிறார். இதற்குள் தெருவில் நாம் பார்த்த குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் எடுத்து முடித்திருந்தால் இது எதுவும் படத்தில் இருந்திருக்காது.

பிற்பகுதியில் புணேயின் கபீர் கலா மஞ்ச் என்ற இளைஞர் பாட்டுக் குழு வருகிறது. ஷீதல் சாதே பாடும்போது அரங்கு அப்படியே கட்டுண்டு நிற்கிறது. மகள் மேடையில் பாடுவதைப் பற்றி அவர் அம்மா பேசும் இடம் இருக்கிறதே, பெருமையும் கலக்கமும் ஒரே முகத்தில். படம் முடிவதற்குள் அந்தக் குழு மீது நக்சல் முத்திரை குத்தப்பட்டு அவர்கள் தலைமறைவாகிவிடுகிறார்கள். பாடியதற்காக ஒளிய வேண்டி வந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு ஒத்துவராத இடங்களும் உண்டு. வசதியான பகுதிகளில் வாழ்பவர்களைப் பிடித்து கேமராவுக்குப் பின்னாலிருந்து பட்வர்தன் கேள்வி கேட்கும் சில இடங்களில், அவருக்குத் தேவையான பதில் முன்பே தயாராக இருக்கிறது. அவர்கள் சொல்வது கொடூரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இத்தனை பொறுமையான ஒரு படத்துக்கு அந்த அவசரம் பொருந்தவில்லை. நடுவில் அரசியல் பொதுக்கூட்டக் காட்சிகளும் கொஞ்சம் நீளம். ஆனால் நேற்றுவரை எதிர்த்த கட்சியோடு சில தலைவர்கள் மேடை ஏறுவதைக் காட்டத் தயங்காதது பெரிய விஷயம். தன் பக்கத்து மனிதர்களின் சறுக்கலைச் சொல்லாத படத்தை நான் முழுசாக நம்புவதில்லை.

பட்ரீசியோ குஸ்மானின் 'சிலியின் போர்' மூன்று பாகம் (1975, 1976, 1979). தென் அமெரிக்காவின் சிலியில் இடதுசாரி அதிபர் அயெந்தேயின் அரசை 1973இல் ராணுவம் கவிழ்த்த கதை. பெரும்பாலோர் முதல் இரண்டு பாகங்களைப் பற்றித்தான் பேசுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. 1973 ஜூனில் நடந்த முதல் ராணுவக் கிளர்ச்சியில் ஒரு சிப்பாய் கேமராவைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டிச் சுடுகிறான். படமெடுத்துக்கொண்டிருந்த லியோனார்டோ ஹென்ரிக்சன் தன் சாவைத் தானே பதிவு செய்துவிட்டுச் சாய்கிறார். அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது மூன்றாம் பாகத்துக்கு. 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் ஓட்டத்தை நிறுத்தி நாட்டையே முடக்கப் பார்த்தபோது, தொழிலாளர்கள் ஆலைகளைத் தாங்களே ஓட்டியதும், பக்கத்துப் பக்கத்து ஆலைகள் சேர்ந்து வட்டாரக் குழுக்கள் அமைத்ததும், பொருட்களைக் கடைக்காரர்கள் இல்லாமல் நேராக மக்களிடம் கொண்டு சேர்த்ததும் அதில் வருகிறது. இவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று நமக்குத் தெரியும், 1973 செப்டம்பர் 11 ராணுவக் கவிழ்ப்பை முந்தைய பாகத்திலேயே பார்த்துவிட்டோம். அதன் பிறகு இந்தப் பாகத்தை வைத்திருப்பதால் ஒவ்வொரு முகத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. படத்தின் ஒளிப்பதிவாளர் ஹோர்ஹே முல்லர் சில்வாவை 1974இல் ரகசியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, அவர் திரும்பி வரவே இல்லை. பிலிம் சுருள்கள் நாட்டைவிட்டு ரகசியமாக வெளியே போய்ப் படமாயின.

'ஐந்து உடைந்த கேமராக்கள்' (2011) பலரும் பார்த்திருப்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பாலஸ்தீனத்தின் பிலின் கிராமத்து இமாத் பர்னாத், 2005இல் கடைசி மகன் பிறந்தபோது வீட்டுக்காக வாங்கிய கேமராவில் எடுக்க ஆரம்பித்து, இஸ்ரேலியரான கை டவிடியோடு சேர்ந்து முடித்த படம். கிராமத்து நிலத்தைப் பறித்து இஸ்ரேல் போட்ட வேலிக்கு எதிராக வாராவாரம் ஊர்வலம். படத்தின் உயிர், போதும் நிறுத்து, இனிமேல் எடுக்காதே என்று மனைவி சொல்லும் இடத்தில் இருக்கிறது. போராட்டத்தின் செலவை வீடு எப்படிச் சுமக்கிறது என்று அவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன படம் குறைவு.

தமிழில் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017). பல இடங்களில் போலீஸ் திரையிட அனுமதிக்கவில்லை, யூடியூபில்தான் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. மலம் அள்ளும் வேலைக்கு மனிதர்களை அமர்த்துவது குற்றம் என்று 2013இல் சட்டம் வந்த பிறகும் என்ன நடக்கிறது என்பதைத் தொழிலாளர்களின் வாயாலேயே கேட்க வைக்கிறது. இயக்கம் கட்டும் கதையை இதில் தேடாதீர்கள், அது சொல்ல வந்தது வேறு. அருவருப்பு வரும், கண்ணை மூடத் தோன்றும். மூடாமல் பாருங்கள், அவர்கள் தினமும் அதில் கையை வைக்கிறார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் பொறுமை உள்ளவர்களுக்கு: ஜப்பானில் நரிதா விமான நிலையத்துக்காக நிலம் எடுப்பதை எதிர்த்த விவசாயிகளைப் பற்றி ஷின்சுகே ஒகாவாவும் குழுவினரும் 1968 முதல் எடுத்த படங்கள். அந்தக் கிராமத்திலேயே குடியேறி எடுத்தார்கள். முதல் படங்களில் மோதல், பதுங்கு குழி, சங்கிலி என்று ஒரே கொந்தளிப்பு. 1973இல் வந்த 'ஹெதா கிராமம்' படத்தில் மோதல் அநேகமாக வெளியே போய்விடுகிறது, கிராமத்தார் உட்கார்ந்து பேசுகிறார்கள், வெட்டாமல் நீளும் காட்சிகளில். கைதாகி உள்ளே இருக்கும் பிள்ளைகளைப் பற்றி, நிலத்தைப் பற்றி, ஊர்ப் பழக்கங்களைப் பற்றி. இத்தனை வருஷம் இவர்களை எது ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பது அந்தப் பேச்சில்தான் கிடைக்கிறது. முதல் முறை பார்த்தபோதே எனக்குப் பிடித்துப்போனது, ஆனால் எல்லோருக்கும் முதல் படமாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது ஓடிடி தளங்களுக்காகத் தயாராகும் போராட்டப் படங்களில் பலவற்றின் பிரச்சினை, ஒரு நாயகரைப் பிடித்துக்கொள்வது. அவர் காலையில் எழுவது, காரில் போவது, போனில் பேசுவது, மேடையில் கை உயர்த்துவது. அவருக்குப் பின்னால் நிற்கும் முகங்களுக்குப் பெயரே இருக்காது. ஒளிப்பதிவு பிரமாதமாக இருக்கும், இசை நம்மை எப்போது அழ வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் அதைப் பற்றி.

கிடைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படங்கள் காணாமல் போய்க்கொண்டே இருக்கின்றன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பதினான்கு பகுதிகளில் சொன்ன 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' தொடரில் பழைய செய்திப் படங்களும் பாடல்களும் ஏராளம். அவற்றுக்கு வாங்கிய உரிமத்தின் காலம் முடிந்துபோனதால், தொண்ணூறுகளின் நடுவிலிருந்து 2006 வரை அதை மறுபடி ஒளிபரப்பவே முடியவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் பெற்றோரின் போராட்டத்தைத் திரையில் பார்க்க முடியாமல் வளர்ந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. ஆகவே இப்படி ஒரு படம் முறையாக எங்காவது கிடைத்தால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் ஹார்லன். அடுத்த வாரம் ஹார்மல், இரண்டுக்கும் நடுவில் அதிக இடைவெளி விடாமல். ஜெய் பீம் காம்ரேடை நாலைந்து பேராவது சேர்ந்து பாருங்கள், பாதியில் நிறுத்திப் பேசிவிட்டு மீதியைப் பாருங்கள், ஒரே மூச்சில் பார்த்தால் பிற்பகுதிக்குக் கொடுக்க வேண்டிய கவனம் மிச்சமிருக்காது. சிலி படத்தில் மூன்றாம் பாகத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்காதீர்கள், முதல் இரண்டும் இல்லாமல் அது வெறும் ஆலைக் காட்சிகளாகத் தெரியும். தமிழில் வசன வரிகள் எழுதக்கூடியவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் ஹார்லனை எடுத்துக்கொள்ளுங்கள், அதிலும் பெண்கள் கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்கும் அந்தக் காட்சியை ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள்.